'ப்ரில்' மாத்திரைகள்: ஒரு நொதியை அடைத்தால் ரத்த அழுத்தம் ஏன் இறங்குகிறது?

எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில், கேப்டோப்ரில். மாத்திரை அட்டையில் அச்சிட்டிருக்கும் மூலப்பெயர் 'ப்ரில்' என்று முடிந்தால் அது ஏஸ் என்ற நொதியை அடைக்கும் 'ஏஸ் தடுப்பான்' வகையைச் சேர்ந்தது. எல்லாவற்றையும் பொதுவாக 'பிரஷர் மாத்திரை' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு வகையும் வேலை செய்யும் இடம் வேறு. அம்லோடிபின் ரத்தக்குழாய்ச் சுவரின் தசையை நேரடியாகத் தளர்த்துகிறது. அட்டெனலால் இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கிறது. குளோர்தாலிடோன் போன்ற நீர்மாத்திரை உப்பையும் நீரையும் சிறுநீரில் தள்ளுகிறது. ப்ரில் வகை இவற்றில் எதையும் நேராகச் செய்வதில்லை. உடலில் இருக்கும் ஒரே ஒரு நொதியின் வாயை அடைக்கிறது. மற்றதெல்லாம் அதன் விளைவாகத் தானே நடக்கிறது.

அந்த நொதிக்கு உடலில் இரண்டு முக்கிய வேலைகள் உண்டு. இதைப் புரிந்துகொண்டால் இந்த மாத்திரையைப் பற்றி நோயாளிகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும். வறட்டு இருமல் ஏன் வருகிறது, தொடங்கிய இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை எதற்கு, இளநீர் குடிக்கலாமா, மூட்டுவலி மாத்திரையோடு சேர்த்தால் என்ன ஆகும் என்பவை தனித்தனிச் செய்திகளாகத் தோன்றும். எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்புபவைதான்.

சிறுநீரகத்தில் தொடங்கும் சங்கிலி

ரத்தம் குறைகிறதா, உப்பு குறைகிறதா என்று உடலில் இடைவிடாமல் கவனித்துக்கொண்டிருப்பது சிறுநீரகம். அதன் வடிகட்டிகளுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்தமனிகளின் சுவரிலேயே சில சிறப்புச் செல்கள் அமர்ந்திருக்கின்றன. குழாயில் அழுத்தம் இறங்கினாலோ, வடிகட்டிய நீரில் உப்பு குறைந்தாலோ, உடலை அவசரத்துக்குத் தயார்படுத்தும் பரிவு நரம்புகள் தூண்டினாலோ அவை ரெனின் என்ற நொதியை ரத்தத்தில் விடும். 1898-இல் ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் பெர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றை மற்றொரு முயலுக்கு ஏற்றியபோது அழுத்தம் ஏறியதைக் கண்டு வைத்த பெயர் அது.

ரெனின் தானாக அழுத்தத்தை ஏற்றுவதில்லை. கல்லீரல் ஆஞ்சியோடென்சினோஜென் என்ற புரதத்தை எப்போதும் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது. அதிலிருந்து 10 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டை ரெனின் நறுக்குகிறது. அதுதான் ஆஞ்சியோடென்சின் ஒன்று. அதனாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. அது ரத்தத்தோடு போகும் வழியில், குறிப்பாக நுரையீரலின் ரத்தக்குழாய் உட்சுவரில், ஏஸ் எனப்படும் ஆஞ்சியோடென்சின் மாற்று நொதி காத்திருக்கிறது. பத்தில் கடைசி இரண்டு அமினோ அமிலங்களை அது வெட்டிவிட, எட்டு மிஞ்சுகிறது. இதுதான் ஆஞ்சியோடென்சின் இரண்டு. உடல் தானே தயாரிக்கும் பொருள்களில் ரத்தக்குழாயை மிக வலுவாகச் சுருக்குபவற்றில் ஒன்று.

சுருக்குவதோடு அது நிற்பதில்லை. அட்ரினல் சுரப்பியிடம் போய் ஆல்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கிறது. அந்த ஹார்மோன் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். ஆஞ்சியோடென்சின் இரண்டு தாகத்தைக் கூட்டும், பரிவு நரம்புகளை உசுப்பும், நாள்பட்டால் இதயத் தசையையும் ரத்தக்குழாய்ச் சுவரையும் தடிக்க வைக்கும். காயம்பட்டு ரத்தம் இழந்தவரையும், வயிற்றுப்போக்கில் நீர் வற்றியவரையும் உயிரோடு வைத்திருப்பது இந்த ஏற்பாடுதான். தட்டில் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் தாராளமாக இருக்கும் வாழ்க்கையில், இழக்க எதுவும் இல்லாதபோதும் அது முழுதாக அணையாமல் இருப்பதுதான் பலருக்குச் சிக்கல்.

ப்ரில் மாத்திரை இந்தச் சங்கிலியில் அந்த ஒரு வெட்டைத் தடுக்கிறது. ஏஸ் நொதியின் நடுவே ஒரு துத்தநாக அயனி இருக்கிறது. வெட்டும் வேலை நடப்பது அங்கே. மருந்து மூலக்கூறு அந்தத் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு இடத்தை அடைத்துவிடும். ஆஞ்சியோடென்சின் இரண்டு குறைய, குழாய்கள் தளரும், ஆல்டோஸ்டிரோன் குறையும், உப்பும் நீரும் சற்றுக் கூடுதலாக வெளியேறும், அழுத்தம் இறங்கும். தமனிகள் மட்டுமின்றிச் சிரைகளும் தளர்வதால் இதயத்தின் சுமை இரு பக்கமும் குறைகிறது. ரத்தக்குழாயைத் தளர்த்தும் வேறு சில மருந்துகளைப் போல இது நாடித்துடிப்பை எகிற வைப்பதும் இல்லை.

பிரேசில் பாம்பின் விஷத்திலிருந்து

இந்த நொதியை அடைக்கலாம் என்று காட்டிக்கொடுத்தது ஒரு பாம்பு. பிரேசிலின் ஜராரகா என்ற குழிவிரியன் கடித்தவர்களுக்கு ரத்த அழுத்தம் விழுந்துவிடும். 1949-இல் சாவ் பாவ்லோவில் மவுரிசியோ ரோஷா இ சில்வாவும் உடன் பணியாற்றியவர்களும் அந்த விஷத்தை ரத்தத்தோடு கலந்து பார்த்தபோது, குழாய்களை விரிக்கும் புதிய பொருள் ஒன்று உருவாவதைக் கண்டார்கள். அதற்குப் பிராடிகைனின் என்று பெயர் வைத்தார்கள். பிராடிகைனினின் ஆயுள் ரத்தத்தில் சில நொடிகள்தான், உடனே சிதைக்கப்படும். ஆனால் விஷம் கலந்திருந்தால் அது சிதையாமல் நீடித்தது. 1965-இல் செர்ஜியோ ஃபெரேரா அதற்குக் காரணமான பகுதியை விஷத்திலிருந்து பிரித்து எடுத்து, அதை லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே ஒய்.எஸ். பாக்லே அதை ஏஸ் நொதியின் மேல் சோதித்தார். நொதி நின்றுபோனது.

அப்போதுதான் இரண்டு வேலை என்பது தெளிவானது. ஆஞ்சியோடென்சினைத் தயாரிக்கும் நொதியும் பிராடிகைனினைச் சிதைக்கும் நொதியும் ஒன்றே. ஒரு கையால் குழாயைச் சுருக்கும் பொருளை ஆக்குகிறது, மறு கையால் குழாயை விரிக்கும் பொருளை அழிக்கிறது. அதை அடைத்தால் இரண்டும் ஒருசேர நிற்கும்.

விஷத்திலிருந்து எடுத்த பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி, ஊசியாக வேலை செய்தது. மாத்திரையாக விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துப் போகும். அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் டேவிட் குஷ்மனும் மிகுவெல் ஒண்டெட்டியும் வேறு வழியில் போனார்கள். ஏஸ் நொதியின் அமைப்பு அன்று தெரியாது. ஆனால் துத்தநாகத்தை வைத்துப் புரதத்தின் வால்பக்கத்தை வெட்டும் கார்பாக்சிபெப்டிடேஸ் என்ற வேறொரு நொதியின் அமைப்பு தெரிந்திருந்தது. அதைப்போலத்தான் இதுவும் இருக்க வேண்டும் என்று கணித்து, அந்தத் துவாரத்துக்குப் பொருந்தும் சிறிய மூலக்கூறு ஒன்றைக் காகிதத்தில் வரைந்து பிறகு தயாரித்தார்கள். 1975-இல் கேப்டோப்ரில் உருவானது. 1981-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களைக் கண்மூடித்தனமாகச் சோதித்துக் கண்டுபிடிக்காமல், நொதியின் வாய் எப்படி இருக்கும் என்று யோசித்துச் செய்த முதல் மருந்துகளில் இது ஒன்று. மருந்தியல் பயிலும் மாணவர்கள் இந்த ஒரு வரலாற்றையாவது முழுதாகப் படிக்க வேண்டும்.

எந்த மருந்து, எவ்வளவு, எப்போது

கேப்டோப்ரில் வேகமாக வேலை செய்யும், ஆனால் அதன் ஆயுள் குறுகியது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, அதுவும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். அதனால் தினசரி ரத்த அழுத்தச் சிகிச்சையில் அதன் இடத்தை மற்றவை பிடித்துக்கொண்டன. எனலாப்ரிலும் ராமிப்ரிலும் பெரிண்டோப்ரிலும் விழுங்கும் வடிவில் செயலற்றவை. கல்லீரல் அவற்றை மாற்றிய பிறகே வேலை தொடங்கும். லிசினோப்ரிலுக்கு அந்த மாற்றம் தேவையில்லை, அப்படியே வேலை செய்து அப்படியே சிறுநீரில் போகும். கல்லீரல் பழுதானவருக்கு இது வசதி. சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்து தேங்கும் என்பதால் அளவைக் குறைக்க வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் பொதுவாக 5 மி.கி.யில் தொடங்கி 10 அல்லது 20 மி.கி. வரை போகும், உச்சம் 40. ராமிப்ரில் 2.5-இல் தொடங்கி 10 வரை. லிசினோப்ரில் 10-இல் தொடங்கிப் பெரும்பாலும் 20, தேவைப்பட்டால் 40. பெரிண்டோப்ரில் 4-இல் தொடங்கி 8. வயதானவர்களுக்கும் ஏற்கெனவே நீர்மாத்திரை போடுபவர்களுக்கும் பாதி அளவில் தொடங்குவார்கள். காரணம் முதல் மாத்திரை. நீர்மாத்திரையால் உப்பும் நீரும் குறைந்திருக்கும் உடலில் ரெனின் உச்சத்தில் இருக்கும், அழுத்தமே ஆஞ்சியோடென்சினைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அந்தப் பிடியைத் திடீரென விட்டால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு விழ நேரிடும். முதல் மாத்திரையை இரவு படுக்கப்போகும்போது போடச் சொல்வது இதற்காகத்தான்.

எனலாப்ரிலின் செயல்படும் வடிவம் சிலருக்கு 24 மணி நேரம் தாங்காது. காலையில் மாத்திரை போட்டு மாலையில் அளந்தால் 128/80, மறுநாள் காலை மாத்திரைக்கு முன் அளந்தால் 152/94 என்று வரும். அளவைக் கூட்டுவதைவிட அதே அளவை இரண்டாகப் பிரித்துக் காலையும் இரவும் போடுவது இங்கே பலன் தரும். வீட்டில் பிபி கருவி வைத்திருப்பவர்கள் காலையில் மாத்திரைக்கு முன்பும் ஒருமுறை அளந்து எழுதி வைத்துக் கொண்டுபோவது மருத்துவருக்கு உண்மையான உதவி. மாத்திரை போட்ட மூன்றாவது மணி நேரத்தில் மட்டும் அளந்த எண்களை நம்பி முடிவெடுக்க முடியாது.

முழுப் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். தனி மாத்திரையாகக் கொடுத்தால் மேல் எண்ணில் சராசரியாக 8 முதல் 10 புள்ளிகள்தான் இறங்கும். 170-இல் இருப்பவரை 130-க்குக் கொண்டுவர இது மட்டும் போதாது. அளவை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் கூடுதல் பலன் சொற்பம். வேறு வகை மருந்தைச் சேர்த்தால் கிடைக்கும் பலன் பலமடங்கு. அதிலும் இந்த வகையோடு சேரும் ஜோடிகள் நன்றாகப் பொருந்துபவை. நீர்மாத்திரை உப்பை வெளியேற்றும்போது உடல் ரெனினை ஏற்றி எதிர்க்கும், ப்ரில் அந்த எதிர்ப்பை முறியடிக்கும். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும், ஏனெனில் அது தமனியை மட்டும் விரிக்கிறது. கூட ஒரு ப்ரில் சேர்ந்தால் சிரைப் பக்கமும் தளர்ந்து அந்த வீக்கம் குறையும்.

யாருக்கு ரெனின் குறைவோ அவர்களுக்கு இந்த மாத்திரை தனியாகக் கொடுத்தால் சுமாராகத்தான் வேலை செய்யும். முதியவர்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் அப்படிப்பட்டவர்கள். 2002-இல் வெளியான ஆல்ஹாட் என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் கருப்பின நோயாளிகளிடம் லிசினோப்ரில் குளோர்தாலிடோன் அளவுக்கு அழுத்தத்தைக் குறைக்கவில்லை, பக்கவாதமும் கூடுதலாக வந்தது. உப்பு அதிகம் சாப்பிடுபவருக்கும் ரெனின் அடங்கியே கிடக்கும். மாத்திரை வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டும் முன் சாப்பாட்டு உப்பைப் பற்றிக் கேட்பது வெறும் உபதேசம் அல்ல. மருந்தின் செயல்முறையே அதைக் கோருகிறது.

மடையும் வடிகாலும்

சிறுநீரகத்தில் இந்த மருந்து செய்வதைத்தான் மிகப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "இந்த மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்" என்பார் ஒருவர். "கிட்னியைக் காப்பாற்றத்தானே கொடுத்தார்கள்" என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டியையும் ஒரு வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உள்ளே வரும் நுண்தமனி மடை. வெளியே போகும் நுண்தமனி வடிகால். வயலில் நீர்மட்டம் எவ்வளவு என்பதை மடையும் வடிகாலும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆஞ்சியோடென்சின் இரண்டு வடிகாலைத்தான் அதிகமாக நெருக்கும். அதனால் வடிகட்டியினுள் அழுத்தம் ஏறும். நீர் வற்றிய நேரத்தில் இது நல்லது, குறைந்த ரத்தத்திலும் வடிகட்டல் நடக்கும். சர்க்கரை நோயில் இதே அழுத்தம் ஆண்டுக்கணக்கில் நீடித்து வடிகட்டியைக் கிழிக்கிறது, சிறுநீரில் புரதம் கசிகிறது.

ப்ரில் போட்டால் வடிகால் திறக்கும், உள்ளழுத்தம் இறங்கும், புரதக் கசிவு குறையும். 1993-இல் முதல் வகைச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 409 பேரிடம் நடந்த கேப்டோப்ரில் ஆய்வில், மரணம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்ற நிலைக்குப் போகும் அபாயம் பாதியாகக் குறைந்தது. ரத்த அழுத்தம் குறைந்ததை மட்டும் வைத்து இதை விளக்க முடியவில்லை. சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து இருப்பவரின் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் தெரிந்தால் மருத்துவர்கள் முதலில் ப்ரிலையோ, அதன் உறவான 'சார்டான்' வகையையோ தேடுவது இதனால்தான்.

உள்ளழுத்தம் இறங்கினால் வடிகட்டும் வேகமும் சற்று இறங்கும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் சற்று ஏறும். இது எதிர்பார்த்ததே. 1.2 இருந்தது 1.4 ஆனால் மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டாம். ஆரம்ப அளவிலிருந்து 30 சதவீதம் வரை ஏறி அங்கேயே நிலைத்தால் தொடரலாம். அதைத் தாண்டி ஏறினால் நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும். தேட வேண்டியவற்றில் முக்கியமானது இரண்டு சிறுநீரகத் தமனிகளும் அடைபட்டிருப்பது. 1934-இல் ஹாரி கோல்ட்பிளாட் நாயின் சிறுநீரகத் தமனியைக் கவ்வி கொண்டு நெருக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றிக் காட்டினார். அதே நிலை மனிதரிடம் கொழுப்பு படிந்தோ, இளம் பெண்களிடம் டகயாசு என்ற தமனி அழற்சியாலோ உண்டாகும். மடை ஏற்கெனவே அடைபட்ட வயல் அது. வடிகால் நெருக்கத்தை நம்பித்தான் கொஞ்சம் நீர் நிற்கிறது. அதையும் திறந்துவிட்டால் வடிகட்டல் நின்றுபோகும்.

ஆகவே தொடங்கும் முன் ஒருமுறை, தொடங்கி 1 முதல் 2 வாரத்தில் ஒருமுறை, அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் அதே இடைவெளியில் ஒருமுறை கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். நிலைத்த பிறகு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போதும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அது பெரிய நன்மை. ஆனால் மாத்திரை கையில் கிடைத்துக்கொண்டே இருப்பதால் ரத்தப் பரிசோதனை தள்ளிப்போகக் கூடாது. இந்த வகை மாத்திரையில் அந்தச் சோதனையும் சிகிச்சையின் ஒரு பகுதி.

மூட்டுவலி மாத்திரை, வயிற்றுப்போக்கு, இளநீர்

வயலின் படத்தை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த ஆபத்து தானே தெரியும். மடையைத் திறந்து வைத்திருப்பவை உடல் தானே தயாரிக்கும் புரோஸ்டகிளாண்டின்கள் என்ற பொருள்கள். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகள் அவற்றைத் தடுத்து மடையை நெருக்குகின்றன. ப்ரில் வடிகாலைத் திறக்கிறது. நீர்மாத்திரை வாய்க்காலில் வரும் நீரையே குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வயல் வறண்டுவிடும். திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்புக்கு இது நன்கு அறியப்பட்ட கூட்டணி. முழங்கால் வலி உள்ள, பிரஷருக்கு இரண்டு மாத்திரை போடும் 65 வயதுக்காரர் மருந்துக்கடையில் 'வலிக்கு ஏதாவது' என்று கேட்டு வாங்கும்போது இந்தக் கூட்டணி முழுமையாகிறது. வலிக்குப் பாராசிட்டமால் போதுமானால் அதுவே நல்லது, மேலே தடவும் களிம்பும் பெரும்பாலும் பாதுகாப்பானது. கடையில் வாங்கும்போது 'நான் பிரஷர் மாத்திரை போடுகிறேன்' என்று மட்டும் சொல்லாமல் பெயரைச் சொல்லுங்கள். இதய நோய்க்காகப் போடும் 75 மி.கி. ஆஸ்பிரின் இந்தக் கணக்கில் வராது, அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத கடும் காய்ச்சல் ஆகியவையும் அதேபோல வாய்க்காலை வற்ற வைப்பவை. அப்படிப்பட்ட நாள்களில் ப்ரிலையும் நீர்மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்தி, வழக்கம்போல் உண்டு குடிக்கத் தொடங்கி ஒன்றிரண்டு நாள் ஆனதும் மீண்டும் தொடங்கச் சொல்வது வழக்கம். இதை உங்கள் மருத்துவரிடம் நலமாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக இதயச் செயலிழப்பு உள்ளவர்கள். மீண்டும் தொடங்க மறப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு.

பொட்டாசியத்தின் கதை ஆல்டோஸ்டிரோனோடு இணைந்தது. அந்த ஹார்மோன் குறைந்தால் பொட்டாசியம் வெளியேறுவதும் குறையும். ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இயல்பு. தொடக்கத்திலேயே 5.0-க்கு மேல் இருந்தால் பொதுவாக ப்ரில் தொடங்குவதில்லை. சிகிச்சையில் 5.5-ஐத் தாண்டினால் அளவையும் உணவையும் மற்ற மருந்துகளையும் மறுபடி பார்ப்பார்கள், 6.0-ஐத் தொட்டால் நிறுத்துவார்கள். ஏனெனில் அந்த அளவில் இதயத் துடிப்பின் ஒழுங்கே குலையலாம், அதுவும் முன்னறிகுறி எதுவும் காட்டாமல்.

இளநீர் ஒன்றில் அரை கிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் நன்றாக உள்ளவர் ப்ரில் போட்டுக்கொண்டு எப்போதாவது ஓர் இளநீர் குடித்தால் ஒன்றும் ஆகாது. கிரியாட்டினின் ஏற்கெனவே ஏறியவர், ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் சேர்த்துப் போடுபவர், வெயில் காலத்தில் தினமும் இரண்டு மூன்று குடித்தால் அது உண்மையான ஆபத்து. அதைவிடக் கவனிக்க வேண்டியது 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கும் பாக்கெட்டுகள். அவற்றில் சோடியத்துக்குப் பதில் கலந்திருப்பது பொட்டாசியம் குளோரைடு. மற்றவர்களுக்கு நல்லதான அந்த உப்பு, ப்ரில் போடும் சிறுநீரக நோயாளிக்கு ஆகாது. இந்துப்பு இதற்கு நேர்மாறு. அது பெரும்பாலும் சாதாரண சோடியம் குளோரைடுதான், பிரஷருக்கு நல்லது என்று அள்ளிப் போட இடமில்லை. சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றும். வேறு மருத்துவரிடம் போகும்போது ப்ரில் பெயரைச் சொல்ல இதுவும் ஒரு காரணம்.

இருமலும் வீக்கமும்

நொதியின் இரண்டாவது வேலையை அடைத்ததன் விலை இங்கே வருகிறது. சிதைக்கப்படாத பிராடிகைனின் மூச்சுக்குழாயில் சேர்ந்து நரம்பு நுனிகளை உறுத்துகிறது. சளி இல்லாத வறட்டு இருமல், தொண்டைக்குள் மயிலிறகு வருடுவதைப் போன்ற அரிப்பு, படுத்தால் அதிகம். 100 பேரில் சுமார் 10 பேருக்கு வரும். பெண்களுக்கும் கிழக்காசிய மக்களுக்கும் கூடுதல். முதல் வாரத்திலும் தொடங்கலாம், ஆறு மாதம் கழித்தும் தொடங்கலாம். அளவைக் குறைத்தால் போகாது. ஒரு ப்ரிலை விட்டு இன்னொரு ப்ரிலுக்கு மாறினாலும் போகாது, அடைக்கும் நொதி ஒன்றே என்பதால். இருமல் மருந்தும் ஆன்டிபயாடிக்கும் வீண் செலவு. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் 1 முதல் 4 வாரத்தில் நிற்கும், சிலருக்கு மூன்று மாதம் வரை இழுக்கும். இந்தப் பொறுமை இல்லாமல், 'நிறுத்தியும் இருமல் போகவில்லை' என்று பத்தாவது நாளில் முடிவுகட்டுவது உண்டு.

நம் நாட்டில் இன்னொரு எச்சரிக்கை அவசியம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் எதுவாக இருந்தாலும் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். மாத்திரையின் மேல் பழியைப் போட்டுக் காசநோயையோ, இதயச் செயலிழப்பால் வரும் இருமலையோ தவறவிட்டுவிடக் கூடாது. இருமல் மாத்திரையால்தான் என்று தெரிந்தால் சார்டான் வகைக்கு, அதாவது லோசார்டான், டெல்மிசார்டான் போன்றவற்றுக்கு மாறலாம். அவை நொதியைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் இரண்டு போய் உட்காரும் ஏற்பியை அடைக்கின்றன. பிராடிகைனின் வழக்கம்போல் சிதையும், இருமல் வராது.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டைப் பலன் கிடைக்குமே என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 2008-இல் வெளிவந்த ஆன்டார்கெட் ஆய்வு அந்த எண்ணத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கனடாவில் பணியாற்றும், கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் தலைமையில் 25,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்தது அது. டெல்மிசார்டான் ராமிப்ரிலுக்கு இணையாக நின்றது. இரண்டும் சேர்ந்தபோது கூடுதல் நன்மை இல்லை, அழுத்தம் அதிகமாக விழுவதும் சிறுநீரகக் கோளாறும் கூடின. சீட்டில் ப்ரிலும் சார்டானும் ஒன்றாக இருந்தால், இரு வேறு மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதியதாகவும் இருக்கலாம், உடனே கேளுங்கள்.

பிராடிகைனினின் அரிதான, ஆனால் உயிருக்கே உலைவைக்கும் விளைவு ஆஞ்சியோஎடிமா. உதடு, நாக்கு, முகம், தொண்டை திடீரென வீங்கும். 1,000 பேரில் ஒன்று முதல் ஏழு பேருக்கு வரலாம், ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு அதிகம். அரிப்போ தடிப்போ இருக்காது. ஒவ்வாமை வீக்கத்திலிருந்து பிரித்தறிய அதுவே குறிப்பு. இங்கே குற்றவாளி ஒவ்வாமையில் வெளிப்படும் ஹிஸ்டமின் இல்லை என்பதால் ஒவ்வாமைக்குப் போடும் ஊசிகள் பல நேரம் பலிக்காது. மூச்சுப்பாதையைக் காப்பாற்றும் வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும், ஒரு மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஐந்து ஆண்டு சிக்கலின்றிப் போட்டவருக்கும் இது வரலாம். ஒருமுறை வந்தவர் வாழ்நாளில் எந்த ப்ரிலையும் மறுபடி தொடக் கூடாது. சர்க்கரைக்குப் பரவலாகத் தரப்படும் வில்டாகிளிப்டின் ப்ரிலோடு சேரும்போது இந்த வீக்கத்தின் வாய்ப்பைக் கூட்டுகிறது. இதயச் செயலிழப்புக்கான சாக்குபிட்ரில் கலந்த மாத்திரைக்கு மாறுபவர் கடைசி ப்ரிலுக்கும் அதற்கும் இடையே 36 மணி நேரம் விட்டாக வேண்டும்.

இத்தனை எச்சரிக்கைகளுக்குப் பிறகும் இந்த மாத்திரைகள் ஏன் எழுதப்படுகின்றன என்றால், அவை அழுத்தத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை. 1987-இல் மிகக் கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 253 பேரிடம் நடந்த ஆய்வில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 44 சதவீதம், எனலாப்ரில் குழுவில் 26 சதவீதம். 2000-இல் வெளியான ஹோப் ஆய்வில் 10 மி.கி. ராமிப்ரில், மாரடைப்பும் பக்கவாதமும் இதய மரணமும் சேர்ந்த கணக்கை 17.8 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்கு இறக்கியது. மாரடைப்பு வந்தவருக்கும், இதயம் பலவீனமானவருக்கும், சிறுநீரில் புரதம் போகும் சர்க்கரை நோயாளிக்கும் லேசான இருமலுக்கு அஞ்சி இதைத் தாமாக நிறுத்துவது பெரிய இழப்பு.

கர்ப்பிணிகளுக்கு மட்டும் இந்த மாத்திரைக்கு இடமே இல்லை. கருவின் சிறுநீரகம் உருவாகவும் இயங்கவும் ஆஞ்சியோடென்சின் தேவை. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு ப்ரிலோ சார்டானோ உள்ளே போனால் குழந்தையின் சிறுநீரகம் இயங்காமல் போகலாம், பனிக்குட நீர் வற்றலாம், நுரையீரல் வளராமல் போகலாம், மண்டையோட்டு எலும்பு முழுமையாகாமல் போகலாம். ஆகவே குழந்தைபெறும் வயதில் உள்ள எந்தப் பெண்ணுக்கும் இதை எழுதும் முன் கருத்தரிக்கும் திட்டம் உண்டா என்று கேட்பது கட்டாயம். திட்டமிட்டால் முன்கூட்டியே லேபடலால், நிஃபெடிபின் அல்லது மெத்தில்டோபாவுக்கு மாற்றிவிடுவார்கள். ப்ரில் போட்டுக்கொண்டிருக்கும்போதே நாள் தள்ளிப்போனால், அடுத்த மாதாந்திரப் பரிசோதனை வரை காத்திராமல் அன்றே மருத்துவரை அழைத்து மாற்று மருந்தைப் பெற வேண்டும். ஆனால் பிரஷர் மாத்திரையே இல்லாமல் இருந்துவிடக் கூடாது, கட்டுப்படாத அழுத்தமும் தாயையும் சேயையும் பாதிக்கும். பிரசவம் முடிந்த பிறகு எனலாப்ரிலுக்குத் திரும்பலாம். தாய்ப்பாலில் அது மிகக் குறைந்த அளவிலேயே சேர்கிறது. குறைமாதக் குழந்தையாக இருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவார்கள்.